எண்ணைக் கொடுத்துவிட்டு வருவது: எம்.கியூ.எல்.5 மொழியில் பங்ஷன் பொயின்டரும் கோல்பேக்கும்

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு மீன் ஏற்ற வரும் லொறிக்காரர், படகு வரும்வரை கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் தன் கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடலாம். படகு அணைந்ததும் அழைப்பு வரும். எண்ணைக் கொடுப்பவர் லொறிக்காரர், எப்போது அழைப்பது என்று முடிவெடுப்பவர் சம்மாட்டி. செய்நிரல் எழுதுவோர் கோல்பேக் என்று சொல்வது இதைத்தான். எண் எழுதிய துண்டுக் கடதாசி, பங்ஷன் பொயின்டர், அதாவது ஒரு பங்ஷன் இருக்கும் முகவரி.

அந்தக் கடதாசியில் எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. எந்த லொறி, எத்தனை பெட்டி பேசியது, முன்பணம் கொடுத்தாயிற்றா என்ற விபரம் எதுவும் அதில் கிடையாது. மெட்டாட்ரேடர் 5 என்ற வர்த்தக மென்பொருளின் எம்.கியூ.எல்.5 மொழியில் பங்ஷன் பொயின்டரைக் கையாளும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாதி இந்த ஞாபகமின்மையிலிருந்து கிளம்புகிறது. மீதி, அழைப்பு எப்போது வரும், எப்போது வராது என்பதைத் தவறாகக் கணிப்பதால் வருவது.

கீழே மொழியின் சொற்கள் எல்லாம் தமிழெழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டிருக்கின்றன. எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும் மொழி என்பதால் ஒன்டிக் என்ற பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறொரு சாதாரண பங்ஷன் ஆகிவிடும். அதை யாரும் அழைக்கமாட்டார்கள்.

முதல் கோல்பேக்குகள் நீங்கள் எழுதத் தொடங்கும் முன்பே இருக்கின்றன

எக்ஸ்பேர்ட் அட்வைசர், அதாவது தானாக வர்த்தகம் செய்யும் செய்நிரல், எழுதும் எவரும் முதல் நாளே கோல்பேக் எழுதிவிடுகிறார், பெயர் தெரியாமல். ஒன்இனிட், ஒன்டிக், ஒன்டைமர், ஒன்டிஇனிட், ஒன்ட்ரேட்ட்ரான்சக்ஷன் எல்லாமே அந்த வகை. இவற்றை நாம் அழைப்பதில்லை, டெர்மினல், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மெட்டாட்ரேடர், அழைக்கிறது. பெயர் நிலையானது, உள்ளீடுகளின் வடிவமும் நிலையானது. விலை மாறினால் ஒன்டிக், குறித்த இடைவெளி கடந்தால் ஒன்டைமர், கணக்கில் ஏதாவது நடந்தால் ஒன்ட்ரேட்ட்ரான்சக்ஷன்.

ஒவ்வொரு எக்ஸ்பேர்ட்டும் தனக்கென்று ஓர் இழையில் (திரெட்) ஓடுகிறது. அந்த இழையில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும். ஒன்டிக் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்டைமர் குறுக்கே வராது. அதற்கான நிகழ்வு வரிசையில் காத்திருக்கும். இது நல்லது, பூட்டுப் போடும் தலையிடி இல்லை. ஆனால் வரிசையின் விதியைக் கவனிக்க வேண்டும். ஒரு டிக் நிகழ்வு, அதாவது விலை மாற்ற அறிவிப்பு, ஏற்கெனவே காத்திருந்தாலோ கையாளப்பட்டுக்கொண்டிருந்தாலோ புதிய டிக் வரிசையில் சேராது. டைமருக்கும் அதே விதி. ஒன்டிக்குக்குள் 3 செக்கன் செலவழித்தால் அந்த 3 செக்கனில் வந்த 40 டிக்குகள் பின்னால் வரிசையாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒவ்வொரு டிக்கையும் எண்ணி ஏதாவது கணக்கிடும் செய்நிரல் இங்கே அமைதியாகப் பிழைவிடும். டிக் எண்ணிக்கை உண்மையிலேயே வேண்டுமானால் கொப்பிடிக்ஸ் பங்ஷனால் சேர்வர் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் வழி.

ஒன்ட்ரேட்ட்ரான்சக்ஷன் வேறு மாதிரி. அதற்கு 1024 இடங்கள் கொண்ட வரிசை உண்டு. நீங்கள் மெதுவாக இருந்தால் பழையவை தள்ளப்பட்டுப் புதியவை வந்து உட்காரும். ஒரே ஓடரால் வரும் பல நிகழ்வுகள் எந்த ஒழுங்கில் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

நாமே செய்யும் பொயின்டர்

டெர்மினல் தரும் கோல்பேக்கின் பெயரை மாற்ற முடியாது. நமக்குள்ளே, நம் செய்நிரலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை ‘நேரம் வந்ததும் கூப்பிடு’ என்று கேட்க வேண்டுமானால் பங்ஷன் பொயின்டர் வேண்டும். முதலில் வகைக்குப் பெயரிட வேண்டும். டைப்டெஃப் என்ற சொல், திரும்பத் தரும் வகை, அடைப்புக்குள் நட்சத்திரக் குறியும் புதிய பெயரும், அடுத்த அடைப்பில் உள்ளீடுகள், கடைசியில் அரைப்புள்ளி:

டைப்டெஃப் டபிள் (*லொட்விதி)(டபிள் ஸ்டொப்தூரம்);
லொட்விதி நடப்புவிதி = நல்;

சி மொழி படித்தவருக்கு இது பழகிய முகம். நல் என்பது பொயின்டர் இன்னும் எதையும் காட்டவில்லை என்ற வெறுமைக் குறி. இனி டபிள் ஒன்றை வாங்கி டபிள் ஒன்றைத் தரும் எந்தப் பொதுப் பங்ஷனையும் நடப்புவிதி என்ற மாறிக்குள் வைக்கலாம். வைக்கும்போது பங்ஷனின் பெயரை மட்டும் எழுத வேண்டும். பின்னால் அடைப்புக்குறி போட்டால் அது பங்ஷனை அப்போதே ஓட்டி, கிடைத்த எண்ணைப் பொயின்டருக்குள் வைக்கப் பார்க்கும், கொம்பைலர் சத்தம் போடும். புதியவர்கள் முதல் வாரத்தில் விழும் குழி இதுதான், ஆபத்தில்லாத குழி.

கிளாசுக்குள் இருக்கும் சாதாரண மெதட்டின் முகவரியை எடுக்க முடியாது. ஸ்டட்டிக் மெதட் என்றால் எடுக்கலாம். காரணம் எளிது. சாதாரண மெதட் ஓடுவதற்கு எந்த ஒப்ஜெக்ட் என்பது தெரிய வேண்டும், நம் கடதாசியில் அதற்கு இடமில்லை. மத்ஃப்ளோர் போன்ற உள்ளமைந்த பங்ஷன் தேவையென்றால் அதைச் சுற்றி இரண்டு வரியில் சொந்தப் பங்ஷன் ஒன்றை எழுதி அதைக் கொடுப்பதே சுத்தம்.

ட்ரேடிங்வியூவின் பைன் ஸ்கிரிப்டில் இந்த வசதி கிடையாது, பங்ஷனை இன்னொரு பங்ஷனுக்கு உள்ளீடாகக் கொடுக்கவே முடியாது. பைதனில் பங்ஷனைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கும் போகலாம். ஆனால் மெட்டாட்ரேடருக்கான பைதன் பொதி டிக் வந்ததும் உங்களை அழைக்காது, நீங்கள்தான் திரும்பத் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். இரண்டும் ஓரளவு கிடைக்கும் இடம் என்பதால்தான் எம்.கியூ.எல்.5 பேச்சுக்கு வருகிறது.

லொட் கணக்கு: ஒரு முழு உதாரணம்

ஒரு வர்த்தகத்துக்கு எத்தனை லொட், அதாவது எவ்வளவு அளவு, என்று தீர்மானிக்க மூன்று விதிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நிலையான லொட், கணக்கின் நூற்றுவீதம், சந்தையின் அசைவுக்கு ஏற்ற லொட். பொயின்டர் இல்லாமல் எழுதினால் ஓடர் போடும் ஒவ்வொரு இடத்திலும் சுவிட்ச் கூற்று வரும். நாலாவது விதியைச் சேர்க்கும் அன்று ஏதோ ஓர் இடத்தில் மறந்துபோகும். பொயின்டர் இருந்தால் தெரிவு ஒன்இனிட்டில் ஒரே முறை நடக்கும்.

பயனர் மாற்றும் இன்புட் பட்டியலில் பங்ஷன் பொயின்டரை வைக்க முடியாது. அதனால் ஈனம் (பெயரிட்ட முழு எண்களின் பட்டியல்) ஒன்றை இன்புட்டாக வைத்து, ஒன்இனிட்டில் சுவிட்ச் போட்டு, ஒவ்வொரு பெறுமானத்துக்கும் ஒரு பங்ஷன் பெயரை நடப்புவிதிக்குள் இடுங்கள். சுவிட்சின் டிஃபோல்ட் கிளையை வெறுமையாக விடாதீர்கள். அங்கே இனிட்பெராமீட்டர்ஸ்இன்கரெக்ட் என்ற பெறுமானத்தைத் திருப்பினால் எக்ஸ்பேர்ட் தொடங்கவே தொடங்காது. வெறுமையாக விட்டால் பொயின்டர் ‘நல்’ ஆகவே இருக்கும், முதல் சிக்னல் வரும்போது அதை அழைக்கப் பார்க்கும். அது ஓட்டநேரக் கடும்பிழை, எக்ஸ்பேர்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். திறந்திருக்கும் பொசிஷன்கள், அதாவது இன்னும் முடிக்காத வர்த்தகங்கள், மூடப்படுவதில்லை. சேர்வரில் பதிந்த ஸ்டொப் லொஸ், அதாவது நட்டத்தை நிறுத்தும் விலை, இருந்தால் அது காக்கும். எக்ஸ்பேர்ட்டின் மனதுக்குள் மட்டும் இருந்த ஸ்டொப் லொஸ் அதோடு போயிற்று. ஆகவே அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் பொயின்டர் ‘நல்’ ஆக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டும் அழையுங்கள். ஒரு வரி அதிகம், அவ்வளவுதான்.

நூற்றுவீத விதியின் கணக்கு இப்படி. 1,000 டொலர் கணக்கு, 1% அபாயம் என்றால் 10 டொலர். யூரோ–டொலரில் ஒரு முழு லொட் 100,000 அலகு, டொலர் கணக்கில் ஒரு பிப் (0.0001 விலை மாற்றம்) 10 டொலர். ஸ்டொப் 20 பிப் என்றால் முழு லொட்டுக்கு 200 டொலர் நட்டம் வரும். 10 ஐ 200 ஆல் பிரித்தால் 0.05 லொட். ஸ்டொப் 35 பிப் என்றால் ஏறக்குறைய 0.0286 வரும். லொட்டைக் கூட்டிக் குறைக்கும் படி 0.01 என்பதால் கீழ்நோக்கி 0.02 என்று வெட்ட வேண்டும். மேல்நோக்கி வெட்டினால் அபாயம் 1% ஐத் தாண்டிவிடும்.

வெட்டும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. கணக்கில் 5,800 டொலர், ஸ்டொப் 20 பிப். 58 ஐ 200 ஆல் பிரித்தால் 0.29. இதைப் படியான 0.01 ஆல் பிரித்து மத்ஃப்ளோர் போட்டால் 29 வரவேண்டும், வருவது 28. கணினியின் இரும எண்ணில் 0.29 ஐயும் 0.01 ஐயும் சரியாக எழுத முடியாது. பிரித்தால் 28.999999999999996 கிடைக்கிறது, ஃப்ளோர் அதை 28 ஆக்கிவிடுகிறது. பிரித்த விடையை முதலில் 8 தசமத்துக்கு நோர்மலைஸ்டபிள் செய்துவிட்டு, பிறகு ஃப்ளோர் செய்யுங்கள். மூன்று விதிகளும் தனித்தனியே வெட்டாமல், பொயின்டரை அழைத்த இடத்திலேயே விடையை வாங்கி ஒரே தடவை வெட்டினால் இந்தப் பிழையை ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஆகக்குறைந்த லொட்டையும் அங்கேயே பாருங்கள். வெட்டியபின் ஆகக்குறைந்ததைவிடச் சிறிதாக வந்தால் வர்த்தகம் இல்லை. ‘பரவாயில்லை, 0.01 போடு’ என்று எழுதினால் சின்னக் கணக்கில் 1% அபாயம் 4% கூட ஆகலாம்.

அடுத்தது பொயின்டரின் வடிவம். ஸ்டொப் தூரத்தை மட்டும் உள்ளீடாக வைத்தது யூரோ–டொலருக்குப் போதும். தங்கத்தையும் சேர்த்ததும் ஒரு புள்ளியின் பெறுமதி மாறும். சிம்பலின் பெயரும் வேண்டும், டிக் பெறுமதியைச் சிம்பல்இன்ஃபோடபிள் மூலம் கேட்க வேண்டும். இப்போது டைப்டெஃப் வரி மாறும், மூன்று பங்ஷன்களும் மாறும், அழைக்கும் இடங்களும் மாறும். வடிவம் சிறிதும் பிசகாமல் பொருந்தினால்தான் கொம்பைலர் ஏற்கும். இதைத் தவிர்க்க, தொடக்கத்திலேயே ஒரு ஸ்ட்ரக்டை (பல மாறிகளின் தொகுப்பை) உள்ளீடாக வையுங்கள். சிம்பல், ஸ்டொப் தூரம், கணக்கு மீதி எல்லாம் அதற்குள். நாளைக்கு ஏ.டி.ஆர். என்ற சராசரி விலையசைவுப் பெறுமானம் வேண்டுமென்றால் ஸ்ட்ரக்டுக்குள் ஒரு வரி சேரும், பொயின்டரின் வடிவம் அப்படியே இருக்கும். ஸ்ட்ரக்ட்டும் அணியும் இந்த மொழியில் ரெஃபரன்சாகத்தான் போகும் என்பதால் உம்மைக்குறியை (&) டைப்டெஃப் வரியிலும் மறக்காமல் போடுங்கள். கொன்ஸ்ட் போட்டால் இரண்டு பக்கமும் போடுங்கள்.

ஞாபகம் இல்லாத பொயின்டர்

மூன்றாவது விதி சந்தையின் அசைவைப் பார்க்கிறது. கடந்த சில பெறுமானங்களை அது நினைவில் வைக்க வேண்டும். எழுதுபவரின் கை தானாக ஸ்டட்டிக் மாறிக்குப் போகும். பங்ஷனுக்குள் ஸ்டட்டிக் என்று எழுதினால் அடுத்த அழைப்புவரை பெறுமானம் தங்கும், ஒரு சிம்பலில் அருமையாக வேலை செய்யும். அதே எக்ஸ்பேர்ட் யூரோ–டொலரையும் தங்கத்தையும் சேர்த்துக் கையாளும்போதுதான் கெடும். ஸ்டட்டிக் மாறி பங்ஷனுக்கு ஒன்று, சிம்பலுக்கு ஒன்றல்ல. தங்கத்தின் அசைவு யூரோவின் சராசரியில் கலக்கும், லொட் கண்டபடி குறையும். பிழைச் செய்தி எதுவும் வராது. பதிவைப் பார்த்தால் எண்கள் ‘கொஞ்சம் வித்தியாசமாக’ இருக்கும். இந்த வகைப் பிழைதான் ஆகக் கெட்டது.

சி மொழியில் கோல்பேக்கோடு வொய்ட் நட்சத்திரம் ஒன்றை ‘என் சாமான்’ என்று கூட அனுப்புவார்கள். எம்.கியூ.எல்.5 இல் வொய்ட் பொயின்டர் கிளாஸ் ஒப்ஜெக்டுகளை மட்டுமே காட்டும், சி மொழியைப் போல எந்தத் தரவின் முகவரியையும் பிடிக்காது. ஞாபகம் வேண்டிய விதிக்குப் பங்ஷன் பொயின்டரை விட்டுவிட்டு இன்டர்பேஸ் எழுதுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. ஒரு மெதட் கொண்ட இன்டர்பேஸ் ஒன்று, அதை நிறைவேற்றும் கிளாஸ் விதிக்கு ஒன்று, சிம்பலுக்கு ஓர் ஒப்ஜெக்ட். ஞாபகம் ஒப்ஜெக்டுக்குள் இருக்கும், ஒன்றோடொன்று கலக்காது. ஞாபகம் தேவைப்படாத விதிக்கு, அதாவது உள்ளே போனதை வைத்து மட்டும் விடை சொல்லும் விதிக்கு, பங்ஷன் பொயின்டர் போதும். நிலையான லொட், நூற்றுவீத லொட், வரிசைப்படுத்த உதவும் ஒப்பீடு, இந்த நேரத்தில் வர்த்தகம் செய்யலாமா என்ற வடிகட்டி எல்லாம் இந்தக் கூட்டம்.

இன்டர்பேசுக்கு விலை உண்டு. நியூ போட்டு உருவாக்கியதை ஒன்டிஇனிட்டில் டிலீட் செய்ய வேண்டும். மறந்தால் எக்ஸ்பேர்ட்டைக் கழற்றும்போது, அழிக்காத ஒப்ஜெக்ட்டுகள் இத்தனை, கசிந்த நினைவகம் இத்தனை பைட் என்று பதிவில் எழுதி வைக்கும். அந்த வரியை அலட்சியம் செய்யாதீர்கள். ஒப்ஜெக்ட் பொயின்டரைத் தொடும் முன் செக்பொயின்டர் போடுவதும் பங்ஷன் பொயின்டருக்கு நல் பார்ப்பது போன்ற பழக்கமே.

ஒரே அழைப்பு மூன்று முறை

பலர் கோல்பேக்குகளை ஓர் அணியில் பதிந்து வைப்பார்கள். சார்ட்டில் புதிய பார் (ஒரு கால அளவின் விலைப் பட்டை) திறக்கும்போது அணியிலுள்ள எல்லாவற்றையும் வரிசையாக அழைப்பது வழமை. பதிவது ஒன்இனிட்டில். சார்ட்டின் கால அளவை 15 நிமிடத்திலிருந்து 1 மணிக்கு மாற்றுகிறீர்கள். டெர்மினல் ஒன்டிஇனிட்டை அழைக்கிறது, காரணக் குறியீடு 3. பிறகு ஒன்இனிட்டை மறுபடி அழைக்கிறது. ஆனால் எக்ஸ்பேர்ட் நினைவகத்திலிருந்து இறக்கப்படவில்லை, பொது மாறிகள் பழைய பெறுமானத்தோடு அப்படியே இருக்கின்றன. அணியில் ஏற்கெனவே இருந்த பதிவுக்குப் பின்னால் அதே பதிவு இன்னொரு முறை. இன்னுமொரு தடவை மாற்றினால் மூன்று. இப்போது ஒரு பாருக்கு ஓர் ஓடர் போடவேண்டிய கோல்பேக் மூன்று ஓடர் போடும். இன்புட் மாற்றினாலும், காரணக் குறியீடு 5, இதேதான். இன்டிகேட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை, அது புதிதாகவே ஏற்றப்படும்.

மருந்து ஒரு வரி: ஒன்இனிட்டின் தலையில் அர்ரேஃப்ரீ. ஒன்டிஇனிட்டில் போட்டாலும் சரி, இரண்டிலும் போட்டால் இன்னும் சரி. அணியிலிருந்து அழைக்கும்போது பொயின்டரை முதலில் ஓர் உள்ளூர் மாறிக்குள் எடுத்து, அது ‘நல்’ இல்லை என்று பார்த்து, பிறகு அழையுங்கள். அழைக்கப்படும் கோல்பேக்கே அணியின் நீளத்தை மாற்றக்கூடும்.

பதில் பிறகு வரும் ஓடர்

கோல்பேக் உண்மையில் தன் அருமையைக் காட்டும் இடம் ஓடர்சென்ட்அசிங்க். சாதாரண ஓடர்சென்ட், சேர்வரின் பதில் வரும்வரை எக்ஸ்பேர்ட்டை நிறுத்தி வைக்கும். உப்புவெளியில் கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் ஓடும் மடிக்கணினிக்கும் ஐரோப்பாவில் இருக்கும் சேர்வருக்கும் நடுவே அந்தக் காத்திருப்பு அற்பமானதல்ல. பத்துப் பொசிஷனை ஒன்றன்பின் ஒன்றாக மூடினால் காத்திருப்பும் பத்து மடங்கு. அசிங்க் வகை, கோரிக்கையை அனுப்பிவிட்டு உடனே திரும்பிவிடும்.

திரும்பும்போது ட்ரூ என்று சொல்லும், ரிசல்ட்டில் 10008 என்ற குறியீடு இருக்கும். இதை ‘ஓடர் நிறைவேறிற்று’ என்று வாசிப்பவர் பலர். அதன் பொருள் கோரிக்கை இங்கிருந்து புறப்பட்டது என்பது மட்டுமே, சேர்வரைச் சேர்ந்தது என்றுகூட அல்ல. ரிசல்ட்டுக்குள் ரிக்வெஸ்ட்ஐடி என்று ஓர் இலக்கம் இருக்கும், பிடிக்க வேண்டியது அதைத்தான். ஸ்ட்ரக்ட் ஒன்றில் அந்த இலக்கம், அனுப்பிய நேரம், பதில் வந்ததும் அழைக்க வேண்டிய பங்ஷன் பொயின்டர் மூன்றையும் வைத்து அணியில் சேருங்கள். சேர்ப்பதற்குள் பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேண்டாம். ஒன்டிக் முடியும்வரை ஒன்ட்ரேட்ட்ரான்சக்ஷன் ஓடாது.

பதில் வரும்போது நிகழ்வின் வகை ட்ரேட்ட்ரான்சக்ஷன்ரிக்வெஸ்ட் ஆக இருக்கும். அந்த வகையில் மட்டும்தான் இரண்டாம், மூன்றாம் உள்ளீடுகளில் அர்த்தமுள்ள தரவு இருக்கும். மற்ற வகைகளில் அவற்றை வாசித்துப் பயனில்லை. ரிக்வெஸ்ட்ஐடியை அணியில் தேடுங்கள். கிடைத்தால் பொயின்டரை உள்ளூர் மாறிக்குள் எடுத்து, பதிவை அணியிலிருந்து நீக்கி, அதன்பிறகே அழையுங்கள். இந்த ஒழுங்கை மாற்றினால், கோல்பேக் தானே இன்னோர் அசிங்க் ஓடர் போட்டு அணியை நீட்டும்போது நீங்கள் பிடித்திருக்கும் சுட்டெண் வேறொரு பதிவைக் காட்டும். கிடைக்காவிட்டால் பேசாமல் விட்டுவிடுங்கள். கையால் போட்ட ஓடர்களின் நிகழ்வுகளும் இந்த வாசலால்தான் வரும்.

கோல்பேக்குக்குள் குறியீட்டைப் பாருங்கள். 10009 நிறைவேறியது. 10004 விலை மாறிவிட்டது. 10014 லொட் பிழை, மேலே சொன்ன வெட்டுப் பிழையைத் தேடுங்கள். 10016 ஸ்டொப் பிழை. 10018 சந்தை மூடியிருக்கிறது. 10019 பணம் போதாது.

பதிலே வராத கோரிக்கைக்கு ஒன்டைமர் வேண்டும். ஒரு செக்கனுக்கு ஒருமுறை அணியைச் சுற்றிப் பார்த்து, 10 செக்கனுக்கு மேல் கிடப்பதைப் பொறுக்குங்கள். பொறுக்கியதும் மறுபடி அனுப்பாதீர்கள். இணைப்பு அறுந்தபோது போனது கோரிக்கையா பதிலா என்று இங்கிருந்து தெரியாது. போனது பதில் என்றால் நீங்கள் இரண்டாவது பொசிஷனைத் திறக்கிறீர்கள். முதலில் பொசிஷன்களையும் நிலுவை ஓடர்களையும் மஜிக் இலக்கத்தோடு (எக்ஸ்பேர்ட் தன் ஓடர்களில் இடும் அடையாள எண்) சரிபார்த்து, இல்லை என்று உறுதியானபின் முடிவெடுங்கள்.

கோல்பேக்குக்குள் செய்யக்கூடாதவை

ஸ்லீப் போடக்கூடாது. 5 செக்கன் ஸ்லீப் என்றால் எக்ஸ்பேர்ட் முழுவதும் 5 செக்கன் தூக்கம். வெப்ரிக்வெஸ்ட்டும் அதே குடும்பம், பதில் வரும்வரை இழையைப் பிடித்து வைத்திருக்கும். டெலிகிராமுக்குச் செய்தி அனுப்பும் கோல்பேக்கை ஓடர் பாதையில் நேரே செருகினால், வலையமைப்பு மந்தமாக இருக்கும் இரவில் விலையோடு நகர வேண்டிய உங்கள் ட்ரெயிலிங் ஸ்டொப் செய்திக்காகக் காத்திருக்கும். செய்தியை ஒரு சரமாக்கி வரிசையில் போட்டுவிட்டுத் திரும்புங்கள், ஒன்டைமர் எடுத்து அனுப்பட்டும். பழைய விலைகளில் செய்நிரலைச் சோதிக்கும் ஸ்ட்ரடஜி டெஸ்டரில் வெப்ரிக்வெஸ்ட் வேலை செய்யாது என்பதால் இந்தத் தாமதம் பரிசோதனையில் தெரியவும் வராது.

இந்த மொழியில் ட்ரை–கச் கிடையாது. கோல்பேக் எவ்வளவு சிறியதானாலும் அதற்குள் பூச்சியத்தால் பிரித்தாலோ அணியின் எல்லையைத் தாண்டினாலோ முழு எக்ஸ்பேர்ட்டும் விழும். பிரிக்கும் முன் வகுக்கும் எண்ணைப் பார்ப்பது, அணியைத் தொடும் முன் அர்ரேசைஸ் பார்ப்பது இரண்டையும் கோல்பேக் எழுதுபவரின் கடமையாக வையுங்கள், அழைப்பவரால் காப்பாற்ற முடியாது.

டி.எல்.எல். (வெளி நூலகக் கோப்பு) ஒன்றுக்குள் ஓடும் இழை உங்கள் பங்ஷனை நேரே அழைக்கும் என்றும் திட்டமிடாதீர்கள். டைமரில் போய் ‘ஏதும் வந்ததா’ என்று கேட்டுக்கொள்வதுதான் நடைமுறை. டைமரை மில்லிசெக்கனில் வைக்கலாம். எவ்வளவு சிறிதாகக் கேட்டாலும் நிஜ ஓட்டத்தில் ஏறக்குறைய 10–16 மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் வரும். ஓர் எக்ஸ்பேர்ட்டுக்கு ஒரு டைமர்தான். பல வேலைகளுக்குப் பல இடைவெளி வேண்டுமானால், ‘அடுத்து எப்போது’ என்ற நேரமும் பங்ஷன் பொயின்டரும் கொண்ட பட்டியலை நீங்களே வைத்து ஒரு டைமரால் ஓட்ட வேண்டும்.

திருகோணமலை மணியும் சேர்வர் மணியும்

அப்படிப் பட்டியல் வைத்ததும் எந்த மணிக்கூடு என்ற கேள்வி வரும். இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால், வருடம் முழுவதும் மாறாது. பல புரோக்கர்களின் சேர்வர், கோடையில் கிரீன்விச்சுக்கு 3 மணி முன்னால், குளிர்காலத்தில் 2 மணி முன்னால். நாணயச் சந்தை வார இறுதிக்காக நியூயோர்க்கில் வெள்ளி மாலை 5 மணிக்கு மூடும்போது இங்கே சனி அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. ‘சந்தை மூட 10 நிமிடம் இருக்க எல்லாவற்றையும் மூடு’ என்ற கோல்பேக்கை மடிக்கணினியின் மணியை வைத்து 2.20 என்று எழுதினால், நவம்பரில் அது ஒரு மணி நேரம் முந்தி ஓடும். குளிர்கால நேரத்துக்கு என்று 3.20 எழுதி வைத்திருந்தால், மார்ச்சில் அது ஓடும்போது சந்தை மூடி 50 நிமிடம் ஆகியிருக்கும். 10018 தான் பதில்.

டைம்லோக்கல் பங்ஷனை டெஸ்டரில் அழைத்தால் சேர்வர் நேரத்தையே தரும். ஆகவே கணினி நேரத்தை நம்பி எழுதிய கோல்பேக் பரிசோதனையில் ஒரு மணிக்கும், நிஜத்தில் வேறொரு மணிக்கும் ஓடும். டைம்கரண்ட் கடைசி டிக்கின் நேரம். டிக் இல்லாத அமைதியில் அது நகராது, ஒன்டைமருக்குள் அதை வைத்து இடைவெளி கணக்கிட்டால் நேரம் உறைந்து நிற்கும். பட்டியலுக்கு டைம்ட்ரேட்சேர்வர் பொருத்தம். வெறும் இடைவெளிக்கு கெட்டிக்கவுண்ட் பங்ஷனின் மில்லிசெக்கன் போதும்.

மின்சாரம் போய் வந்தபின்

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மின்சாரமும் இணைப்பும் ஒன்றாகப் போகும் இரவுகள் இங்கே புதிதல்ல. டெர்மினல் அணைந்திருந்த நேரத்தில் ஸ்டொப் லொஸ் அடிபட்டிருந்தால் அதற்கான கோல்பேக்கை யாரும் அழைத்திருக்க முடியாது. அசிங்க் அணியும் நினைவகத்தோடு போயிற்று. எனவே ஒன்இனிட்டில் நிகழ்வுகளை நம்பாமல், பொசிஷன்ஸ்டோட்டல் வரை சுற்றி, மஜிக் இலக்கம் பொருந்தும் ஒவ்வொன்றுக்கும் நிலையை மறுபடி கட்ட வேண்டும். மூடப்பட்டவற்றை வர்த்தக வரலாற்றில் தேட வேண்டும்.

எந்தப் பொசிஷனுக்கு எந்த வெளியேறும் விதி என்பதைக் கோப்பில் எழுதி வைக்க நினைப்பீர்கள். பொயின்டரை எழுதிப் பயனில்லை. அது இந்த ஓட்டத்தின் முகவரி, அடுத்த ஓட்டத்தில் செல்லாது. விதியின் ஈனம் இலக்கத்தை எழுதுங்கள். திரும்ப வாசிக்கும்போது ஒன்இனிட்டில் இருக்கும் அதே சுவிட்ச் இலக்கத்தைப் பங்ஷனாக மாற்றட்டும். ஈனத்தில் புதிய விதியை எப்போதும் கடைசியில் சேருங்கள். நடுவில் செருகினால் பழைய கோப்பிலுள்ள 2, வேறு விதியின் 2 ஆகிவிடும். பொசிஷனின் கொமென்ட் புலத்தில் எழுதி வைக்கலாமே என்றால், புரோக்கர் பக்கத்தில் அது மாற்றப்படக்கூடும். கோப்பு பாதுகாப்பானது.

இவை எல்லாவற்றையும் டெமோ கணக்கில் செய்து பார்க்கலாம், அதற்குக் காசு தேவையில்லை. இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டுப் புரோக்கருக்குப் பணம் அனுப்புவது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தோடு சம்பந்தப்பட்ட விடயம். உண்மைக் கணக்கை நினைக்கும் முன் வங்கியில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். டெமோவில் பார்க்கும்போது ஒழுங்கு இதுவாக இருக்கட்டும். எக்ஸ்பேர்ட் ஓடும்போது கால அளவை மூன்று தடவை மாற்றி, பதிவில் ஒரு பாருக்கு ஒரே அழைப்புத்தானா என்று எண்ணுங்கள். இரண்டு சிம்பலில் ஓட்டி எண்கள் கலக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். அசிங்க் ஓடர் போன கையோடு ஹொட்ஸ்பொட்டை அணைத்து, 20 செக்கன் கழித்துப் போட்டு, அணியில் என்ன கிடக்கிறது என்று பிரிண்ட் எடுங்கள்.